பதினேழாம் போர்ட்டில் யாரும் கத்தவில்லை

மைசூரு விஜயநகரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் பார்க்கிறவன் நான். அங்கே எல்லாக் கம்ப்யூட்டரையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டியில் ஒயர் சொருக இருபத்து நாலு போர்ட். இருபத்து நாலிலும் ஒயர். டோக்கன் நம்பர் காட்டும் புது டிவிக்கு ஓர் இடம் வேண்டும். எந்த ஒயரின் மறுமுனையில் உயிர் இருக்கிறது என்று பார்த்து, செத்ததைப் பிடுங்க வேண்டும். லேபிள்கள் நான் ஒட்டியவைதான். என் தலைமுடியோடு சேர்ந்து அவையும் உதிர்ந்துவிட்டன.

"இன்னிக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் அடுத்த வருஷம் வேற ஆளுரீ," என்று மேனேஜர், கன்னட மரியாதை 'ரீ'யோடு, என் வருஷக் காண்ட்ராக்டைப் பற்றிக் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஸ்விட்சுக்குள் நுழைந்தால் எந்த போர்ட்டில் எந்த மெஷின் பேசுகிறது என்ற பட்டியல் கிடைக்கும். நுழைய வேண்டிய பாஸ்வேர்டை நான் மறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதனால் என் பழைய வழி: ஒயரைப் பிடுங்கு, யார் கத்துகிறார்கள் என்று கேள், திரும்பச் சொருகு. "டெஸ்டிங்!" என்று சிரித்துவிட்டால் அது கம்ப்ளெயிண்டில் சேராது.

மூன்றில் ரிசப்ஷன் கத்தியது. ஒன்பதில் மருந்துக் கவுண்டர்: "ஏன்ரீ, பில்லே வரல!" பதினேழில் மூச்சில்லை. பத்து நிமிஷம் காத்திருந்தேன். செத்தது என்று முடிவுகட்டி டிவியைச் சொருகினேன். திரை பளிச்சென்றது.

ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். வழியில் ரத்தப் பரிசோதனை லேப். அங்கே வேலை பார்க்கும் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கத்து அம்மா, மெஷினைப் பார்த்துப் பார்த்து தானாகக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டிய ரிசல்ட்டைப் பேப்பரில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே ரிப்போர்ட்டுக்காக ஏழெட்டுப் பேர்.

"எப்பம்மா நின்னுச்சு?"

"ஒரு மணி நேரமாச்சுங்க."

"கூப்பிட்டிருக்கலாமே?"

"போன தடவ கூப்பிட்டேனுங்க. 'மெஷினுக்கும் லீவு வேணாமா'ன்னு ஜோக் அடிச்சுட்டுப் போய்ட்டீங்க. மூணு நாளு கையால எழுதுனேன். இப்பப் பழகிருச்சுங்க."

பதிலுக்கு இன்னொரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பதினேழிலிருந்து டிவியைப் பிடுங்கி, லேப் ஒயரைத் திரும்பச் சொருகினேன். மிச்ச ஒயர்களை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தேன், மேஜைகளுக்கு அடியில் முட்டி போட்டேன். இரண்டாம் மாடியில், எப்போதோ தூக்கிப்போன ஒரு பிரிண்டரின் ஒயர் சுவரில் அநாதையாகத் தொங்கியது. அதன் இடத்தை டிவிக்குக் கொடுத்தேன். முட்டி இன்னும் வலிக்கிறது.

சாயங்காலம் மேனேஜர் தோளில் தட்டினார். "ஒரு கம்ப்ளெயிண்டும் வரல. அடுத்த வருஷமும் நீங்களேரீ."

பையை மாட்டிக்கொண்டு அந்த அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். விரலெல்லாம் பேனா மை.