செவுளைக் காட்டாத மீன்

ஒரு காலத்திலே ஒரு மீன் முதலாளி, ஒரு அரிசி ஆலைக்காரர், ஒரு மருத்துவமாது. அவர்களோடு ஒரு தொழிலும் இல்லாத நான். தொண்ணூறுகளில் கல்முனையில் சனி ஞாயிறு நடந்த வியாபார முகாமைத்துவ டிப்ளோமா வகுப்பில் நாலு பேருக்கும் ஒரே வாங்கில் இடம். கொப்பித் தாளிலே தொழில் தொடங்கியவர்களுக்கு என் பாடு விளங்கும். வகுப்பு முடிவதற்குள் ஒரு தொழிலைக் காட்டாவிட்டால் கட்டாருக்குப் போ என்று வாப்பா சொல்லிவிட்டார். மாமா விசாவோடு காத்திருந்தார். எனக்கோ ஊரைவிட்டுப் போக மனமில்லை.

நூறு ஓம்

மீனைத் துப்புரவாக வெட்டி, பைகளில் கட்டி, வீடுவீடாக விற்பது என் திட்டம். கேள்விப் பத்திரத்தோடு நூறு வீடு ஏறினேன். "வாங்குவீங்களா?" நூறு வீட்டிலும் ஓம். சில வீடுகளில் தேத்தண்ணியும் தந்தார்கள். விரிவுரையாளரே மெச்சினார்.

பாண்டிருப்பிலிருந்து வரும் மருத்துவமாது சரோசாக்கா மட்டும் தாள்களைப் புரட்டிச் சிரித்தார். கர்ப்பிணிகளின் வீடு ஏறி இறங்கியே செருப்புத் தேய்ந்தவர்.

"தம்பி, குளிசை போட்டீங்களா எண்டு கேட்டா எனக்கும் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. நான் போத்திலைத் திறந்து எண்ணிப் பார்ப்பன்."

பத்துப் பை

சரி, எண்ணிப் பார்ப்போம் என்று பத்துப் பை கட்டிக்கொண்டு, ஓம் சொன்ன வீடுகளுக்கே போனேன். இரண்டு பை விற்றது. அதிலும் ஒன்றை வாங்கியது என் சாச்சி.

மிச்சத்தைச் சாய்ந்தமருது கரீம் காக்காவிடம் கொண்டு போனேன். மீன் முதலாளி அவர்தான். மீன் வாங்கியதும் அவரிடம்தான். ஒரு பையை அவிழ்த்து மணந்து பார்த்தார்.

"மீன் நல்ல மீன்தான். எண்டாலும் கண்ணையும் செவுளையும் காட்டாம விக்கிறவன இந்தக் கரையில ஆருடா நம்புவா?"

ஆலைக்குள் நிற்கிறவர்கள்

சம்மாந்துறை லத்தீப் ஹாஜியாரின் ஆலையில் கதிரை உண்டு, மின்விசிறியும் உண்டு. நெல் கொண்டுவருகிறவர்கள் கதிரையில் இருப்பதில்லை. உமித் தூசுக்குள் மெசினடியிலேயே நிற்பார்கள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, ஏன் இவர்களை இருக்கச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னாலும் இரிக்கமாட்டாங்க மகன். தன்ட நெல்லுதான் தன்ட அரிசியா வருதா எண்டு கண்ணால பார்க்கோணும்."

படலையடி

வகுப்பு முடிய இன்னும் ஒரு கிழமை. சைக்கிள் பெட்டியில் முழு மீன், தராசு, பலகை, கத்தி. வீட்டு வாசல் படலையடியில் செவுளைத் தூக்கிக் காட்டினேன், நிறுத்தேன், அவர்கள் கண் முன்னாலேயே வெட்டினேன். கடைசிப் பாரை மீனை வாங்கிய பெண், முள்ளுத் துண்டு வரை பார்த்து நின்றுவிட்டு, "தலைய வீசிப்போடாதீங்க தம்பி, ஆணம் காய்ச்ச அதுதான் ருசி" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நிமிர்ந்தேன். எதிர் வேலியோரம் வாப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ! கிட்ட வந்து வெறும் பெட்டியைப் பார்த்தார். கத்தியை எடுத்துப் பெருவிரலால் தடவினார்.

"மொட்டையா கிடக்கு. நாளைக்குத் தீட்டிக்கிட்டுப் போ."

அவ்வளவுதான், திரும்பிப் பாராமல் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

ஒரு வருடம் முகாமைத்துவம் படித்து நான் மீன் வெட்டுகிறவனானேன். மாமா விசாவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.