சொந்தத் தேவைக்காரர்

காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டுவார். சுருட்டிய பாயைச் சணல் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவார். கட்டிய பாயைக் கதவு ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். இரவு அதே பாயை அவிழ்த்து அதே இடத்தில் விரிக்கப்போகிறவர் எதற்காக இந்தக் கட்டுக் கட்டுகிறார் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். "கட்டி வெச்சுட்டா தூக்கறவங்களுக்குச் சுலபமா இருக்கும்ல" என்பார். தூக்குகிறவரும் அவர்தான்.

சுவரில் ஆணி அடிக்கமாட்டார். சட்டை ஜன்னல் கொக்கியில் தொங்கும். அடுப்புப் பற்றவைத்தால் சுவரில் கரி படியாதபடி பின்னால் ஒரு தகரத்தை நிறுத்துவார். சாப்பிட்ட தட்டைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார். ஒரு வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனாரென்றால், அங்கே ஒரு மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளமாக மின்சார ரசீதில் பெயர் மட்டும் மிஞ்சும். அந்தப் பெயருக்காகத்தான் அவரை அங்கே வைத்ததே.

நாங்கள் இருப்பது ஒரே வாசலுக்குள் ஒன்பது குடித்தனம் உள்ள மாடிக் கட்டடம். வீட்டுக்காரருக்கு இவர் உடன்பிறந்த தம்பி. வாடகையை ஒழுங்காகக் கொடுத்துவருகிறவரை வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் வெளியே அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தனக்கோ தன் ரத்த உறவுக்கோ குடியிருக்க அந்த வீடு தேவை என்றால் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் அந்த உறவு ஆறு மாதமாவது அங்கே குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலிசெய்தவர் திரும்பிவந்து வீட்டைக் கேட்கலாம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கீழ்வீடும் பக்கத்துவீடும் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு நோட்டீசிலும் ஒரே வரிதான் இருக்கும்: 'என் தம்பியின் சொந்தக் குடியிருப்புத் தேவைக்காக.' அதனால் கட்டடத்தில் அவருக்குப் பெயரே 'சொந்தத் தேவை' என்று ஆகிவிட்டது. சுருக்கமாக, தேவை. இதுவரை நான்கு வீடுகளில் இருந்திருக்கிறார். ஆறு மாதம் முடிந்த மறுநாள் அண்ணன் வந்து நிற்பார். வீட்டுக்கு வெள்ளையடித்து, வாடகையை ஏற்றி, வேறு ஆளுக்கு விடுவார். தம்பி பாயோடும் பெட்டியோடும் மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் இருக்கும் சந்துக்குப் போய்விடுவார். அடுத்த வீடு காலியாகும்வரை படுக்கை அங்கேதான்.

வீட்டில் இருக்கும் ஆறு மாதமும் அண்ணன் சொல்லிக்கொடுத்தபடி இருப்பார். செருப்பை வாசலில் தெரியும்படி விடவேண்டும். இருட்டியதும் விளக்கு எரியவேண்டும். அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றவேண்டும். நாலாவது தடவை போனபோது அட்டை மாற்றித் தருகிற பெண் தலையில் கைவைத்துக்கொண்டாளாம். "பெரியவரே, உங்களுக்கு வீடு மாத்தறதுதான் உத்தியோகமா?" என்றாளாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உத்தியோகம்னா சம்பளம் வரணுமேம்மா, இது அப்படியில்லையேன்னு சொன்னேன்."

அவர் யார் வாசலிலாவது நின்று செருப்பு வாரைச் சரிசெய்தால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அடுத்த நோட்டீஸ் நமக்குத்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். அதனால் நடக்கும்போது எந்தக் கதவையும் பார்ப்பதில்லை. தரையைப் பார்த்தபடி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரித்தான் போவார்.

அவரோடு பயமில்லாமல் பேசுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். என் எதிர்வீட்டு அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவர். "யோவ் தேவை, இன்னைக்கு எந்தக் குடும்பத்துக்குக் கெடு பாத்துட்டு வர்றே?" என்று மாடியிலிருந்தே குரல் கொடுப்பார். "உங்க வீட்டுக் காத்துதான் நல்லாருக்குக்கா" என்று இவர் கீழேயிருந்து பதில் கொடுப்பார். "வா, வந்து உக்காந்து காத்து வாங்கு. வாங்கிட்டு வந்த வழியே போயிடணும்." இப்படித் திட்டிக்கொண்டே ஒரு டம்ளர் டீயையும் நீட்டுவார் அக்கா. அந்த டீயை இவர் வாசற்படியில் உட்கார்ந்துதான் குடிப்பார். எத்தனை கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார்.

ஒருநாள் அந்த வாசற்படியில் வைத்துத்தான் தன் கதையைச் சொன்னார். லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் தன் மருமகனுக்கு வேண்டும் என்றாராம். "நம்ம சாமானை எடுத்துக்கிட்டு மரியாதையா வெளிய வந்துட்டேன்." அக்கா விடவில்லை. "மருமகன் வந்தானா?" அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "போய்ப் பாக்கலேக்கா. பாத்து என்ன ஆவப்போவுது."

நான் ஒருதரம் கேட்டேன். "அண்ணே, உங்களுக்குன்னு ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கக்கூடாதா? ஒரு மூலையாவது உங்களுதுன்னு இருக்குமே." அவர் கோபப்படவில்லை. "கேட்டேம்மா. கூடப் பொறந்தவனுக்கு எதுக்குடா பத்திரம்னுட்டாரு. அதும் சரிதானே." சரிதானே என்பதை என்னிடம் கேட்டமாதிரி இருந்தது. நான் கறிகாயை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது நோட்டீஸ் எதிர்வீட்டு அக்காவுக்கு வந்தது.

அக்காவுக்கு ஒரே மகன். முப்பத்திரண்டு வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து நாற்காலிகளுக்கு வயர் பின்னுவான். கை அப்படி ஓடும். வேலை கொடுக்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த வாசல்தான் பழக்கம். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள்.

வாடகை அதிகாரி முன்னால் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மகனைக் கைப்பிடித்து அழைத்துப்போக நானும் கூடப் போனேன். இரும்பு அலமாரிகளுக்கு நடுவில் ஒரு மேசை. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார்.

அக்கா உட்காரவில்லை. "அய்யா, வீட்டுலேந்து குழாயடிக்கு இவனுக்கு ஒம்பது தப்படி. தெருவுக்குப் பன்னெண்டு படி. அதுல நாலாவது படி உடைஞ்சு கிடக்கு. சரி பண்ணித் தர்றது வீட்டுக்காரர் பொறுப்பு. மூணு வருஷமா எழுதிக் குடுத்துட்டு இருக்கேன், பண்ணலே. அந்த உடைஞ்ச படியோடவே இவன் பழகிட்டான். புது எடத்துக்குப் போனா இவன் மறுபடி கைக்குழந்தைதான். எனக்கு அறுபத்தாறு வயசு. இன்னொரு தடவை இவனை நடக்கவைக்க எனக்குத் தெம்பு இல்லே."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு தம்பியைக் கூப்பிட்டார். கடவுள் சாட்சியாக உண்மை சொல்வதாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு தடவை ஆரம்பித்தார்.

"உங்களுக்குச் சொந்தமா வேற வீடு இருக்கா?"

"இல்லீங்க."

"வாடகைக்கு?"

"இல்லீங்க."

"இந்த வீடு கிடைக்கலேன்னா எங்க இருப்பீங்க?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அக்காவையும் பார்த்தார். அப்புறம் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். "மோட்டார் பக்கத்துலீங்க. மழை பேஞ்சா தண்ணி வரும். நின்னுக்கிட்டு இருப்பேன்." துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அண்ணனுடைய வக்கீல் மேற்கொண்டு பேசவேயில்லை. எதற்குப் பேசவேண்டும்? காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சாட்சி கிடைக்காது.

"அய்யா, இதே ஆள் இதுக்கு முன்னாடி நாலு வீட்டுல இருந்துட்டாரு, ஆறு ஆறு மாசம்!" என்றார் அக்கா.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். "அம்மா, அந்த வீடுகள்ல இருந்தவங்க யாரும் மனுப் போடலே. ஆறு மாசம் இருந்திருக்காரு, அது சட்டப்படி சரி. இப்ப என் முன்னாடி இருக்கறது இந்த ஒரு வீடு. இவருக்கு வீடு இல்லேங்கறது உண்மையா, பொய்யா?"

அக்காவால் பொய் என்று சொல்ல முடியவில்லை. மழை நாளில் அவருக்கு மேலிருந்து சாக்கு எடுத்துப் போட்டவரே அக்காதான்.

என்னைக் கேட்டால், ஆறு மாதம் முடிந்ததும் அண்ணனே இவரை வெளியேற்றுவதைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எழுந்து பேச வாய் வரவில்லை. நானும் அதே வீட்டுக்காரருடைய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள்தானே. கடவுளே, அக்காவுக்கு வீடு நிலைக்கட்டும் என்று வேண்டினேன். இவருக்கும் தலைக்குமேல் ஒரு கூரை இருக்கட்டும் என்று வேண்டினேன். அந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் எப்படி வைப்பது என்று கடவுளுக்கும் குழப்பமாக இருந்திருக்கும்.

முப்பது நாளில் காலிசெய்யும்படி உத்தரவு வந்தது. வெளியே வரும்போது தம்பி அக்காவிடம் ஒதுங்கி நின்று, "பொய் சொல்லலேக்கா" என்றார். அக்கா நிற்கவில்லை. "தெரியும்யா. பொய் சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்."

அந்த முப்பது நாளும் அவர் டீக்கு வரவில்லை. அக்காவும் மாடியிலிருந்து குரல் கொடுக்கவில்லை.

வண்டி வந்த அன்று காலை, கூப்பிடாமலே வந்தார். வயர்க் கட்டுகளைத் தோளில் வைத்து இறக்கினார். அரைகுறையாகப் பின்னிய நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். பீரோவுக்கு மட்டும் இன்னொரு ஆளைக் கூப்பிட்டார். அக்கா தடுக்கவில்லை. மகன் படியோரச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு, "மாமா, நாலாவது படி பாத்து" என்றான்.

அவர் நாற்காலியோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். பிறகு இறங்கினார்.

அக்கா போயிருக்கும் வீடு ஊருக்கு வெளியே, லாரி போகிற பெரிய ரோட்டின்மேல் இருக்கிறது. வாசலைத் தாண்டினால் ரோடுதான். அதனால் பகலிலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பதாகப் பின்னொருநாள் சொன்னார். மகன் வயர் பின்னுகிறானா என்று கேட்டேன். "கொண்டாந்து குடுக்கறவங்களுக்கு வழி தெரியணுமே" என்றார்.

அன்று வண்டி கிளம்பியதும் வீட்டுக்காரர் கதவைப் பூட்டி, சாவியைத் தம்பி கையில் போட்டார். "செருப்பை வெளிய விடு. லைட்டைப் போட மறந்துடாதே. ஆறு மாசம்." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

தம்பி கீழே போய்ப் பாயையும் பெட்டியையும் எடுத்துவந்தார். இரண்டையும் வாசலில் இறக்கினார். நான் என் வீட்டு ஜன்னலருகே நின்றிருந்தேன். நான் நிற்பது அவருக்குத் தெரியாது. உள்ளே ஆள் இல்லை, சாமான் இல்லை. கதவில் பூட்டுத் தொங்குகிறது, சாவி அவர் கையில் இருக்கிறது. அந்தப் பூட்டிய கதவை விரலை மடக்கி இரண்டு தடவை மெதுவாகத் தட்டினார். தட்டிவிட்டு, திறக்கிறவருக்கு இடம் விட்டு ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.