ராகு காலத்துப் பள்ளம்

காலை ஆறு மணிக்குப் போன் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தேன். படம் வந்திருந்தது! நான் ஒரு பட்டனைக்கூட அழுத்தவில்லை. தானாகவே கணக்கெடுத்து, தானாகவே கோடு வரைந்து, தேதியும் போட்டுக்கொண்டு வந்து நின்றது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கணவரை உலுக்கினேன்.

"பாருங்க, பாருங்க, வந்துடுச்சு!"

"என்ன, குழந்தையா பொறந்திருக்கு? ஒரு கோட்டுக்கு இவ்ளோ ஆட்டமா?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் கிடக்கட்டும். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே காபி போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. இரும்புலியூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் வந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கம்ப்யூட்டரை வைத்துத் தொழில் தொடங்கியிருந்தேன். வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். கீழ்க்கட்டளை, இரும்புலியூர், வண்டலூர் என்று மூன்று இடங்களில் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலங்களில் இப்போது ஏ.சி. ஹால் நிற்கிறது. அந்த மண்டபங்களுக்கு ஆன்லைனில் தேதி பார்த்து முன்பதிவு செய்யும் தளத்தை நான்தான் எழுதினேன், நான்தான் பராமரித்தேன். அந்த ஒப்பந்தம் முடியும் நேரம். அதை அவர் புதுப்பிக்காவிட்டால் என் கடை மூடல், மறுபடியும் பஸ். அதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

சிக்கல் என்னவென்றால், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் தளம் திணறியது. மண்டப மேனேஜர்கள் அவருக்குப் போன் போடுவார்கள், அவர் எனக்குப் போடுவார். "மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணா" என்று நான் விளக்கமாக எழுதி அனுப்பினால் படிக்க மாட்டார். "எழுத்தெல்லாம் வேணாம்மா. வாட்ஸ்அப்ல படமா போட்டுடு" என்றார். சரி, படமே போடுவோம் என்றுதான் தானாக ஓடும் ஒரு ஸ்கிரிப்டை, ஒரு குட்டி நிரலை, எழுதினேன். தளத்தைத் தாங்கும் சர்வர் எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுவே குறித்துக்கொள்ளும். மறுநாள் காலை முழு நாளையும் ஒரே கோட்டுப் படமாக வரைந்து என் போனுக்கும் அவர் போனுக்கும் அனுப்பிவிடும். கோடு ஏறினால் வேலை அதிகம், இறங்கினால் குறைவு. இதைவிட எளிதாக எப்படிக் காட்ட முடியும்?

ஒரு வாரம் போனது. மண்டபக்காரர் போனில் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? தெனம் தெனம் நடுவுல ஒரு பள்ளம் வுழுந்துகினு கீது?"

"பள்ளமா?"

"ஆமா. ஒன்றரை மணி நேரம் அப்படியே படுத்துக்கினு கீது உன் மெஷினு. வெள்ளிக்கெழமை மட்டுந்தான் பேஜாருன்னு நெனச்சேன். நீயே தெனம் படம் போட்டுக் காட்டிட்டே. வேற ஒரு கம்பெனிக்காரங்க வந்து பேசிட்டுப் போயிருக்காங்க. இந்த வாரத்துக்குள்ள இன்னான்னு சொல்லு. இல்லாட்டி அவங்களுக்கே குடுத்துடுவேன்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது! காப்பாற்றும் என்று நான் அனுப்பிய படமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. போனை வைத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சர்வர் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. மெஷின் விழித்துக்கொண்டுதான் இருந்தது, அந்த நேரத்தில் யாரும் தளத்துக்குள் வரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை?

ஏழு நாள் படங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். பள்ளம் ஒரே இடத்தில் இல்லை. திங்கள்கிழமை காலையிலேயே விழுந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போய்விட்டது. புதனன்று உச்சிப்பொழுது. அளவு மட்டும் மாறவே இல்லை. கரண்ட் கட்டா? கரண்ட் கட் என்றைக்கு இவ்வளவு ஒழுங்காக வந்திருக்கிறது! எதுவும் பிடிபடாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர். கிழிக்க மறந்திருந்தேன். கிழித்தேன். புதுத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: ராகு காலம், ஒன்றரை முதல் மூன்று.

அன்று வியாழக்கிழமை. ஓடிப்போய்ப் போன வியாழன் படத்தைப் பார்த்தேன். ஒன்றரைக்கு இறங்கி, மூன்றுக்கு ஏறியிருந்தது.

"ஐயோ, ராகு காலம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கணவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "யாருக்கு?" என்றார்.

யாருக்கா? தாம்பரம் சுற்று வட்டாரத்துக்கே! கல்யாண மண்டபத்தை ராகு காலத்தில் எவன் பதிவு செய்வான்? போனில் விரலால் தட்டுவதாக இருந்தாலும் நேரம் பார்த்துத்தானே தட்டுகிறார்கள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெள்ளிக்கிழமைத் திணறலுக்கும் அங்கேயே விடை இருந்தது. வெள்ளியன்று ராகு காலம் பன்னிரண்டுக்கு முடிகிறது. அதுவரை காத்திருந்த கூட்டமெல்லாம் பன்னிரண்டு அடித்ததும் மொத்தமாக உள்ளே பாய்கிறது. நானோ, பன்னிரண்டானால் எல்லாரும் சாப்பிடப் போவார்கள் என்ற பழைய ஆபீஸ் நினைப்பில், தினமும் சரியாகப் பன்னிரண்டுக்குத்தான் தகவல்களையெல்லாம் நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் பேக்கப்பை ஓட வைத்திருந்தேன். மெஷின் பாவம், எத்தனை வேலையைத்தான் சுமக்கும்?

உடனே மண்டபக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குபீரென்று சிரித்தார். "அட! நானே எமகண்டம், ராகு காலம் பாக்காம பைசாவைத் தொட மாட்டேன். எனக்கே தோணலியே!"

"இனிமே பேக்கப்பை ராகு காலத்துல வெச்சுடறேண்ணா. அப்பதான் கூட்டமே இருக்காது."

சிரிப்பு நின்றது. "ராகு காலத்துலயா? ஆரம்பிச்ச காரியம் வெளங்குமா? அதெல்லாம் வாணாம்மா."

விடுவேனா? "ராகு காலத்துல புதுசாத்தானே ஆரம்பிக்கக் கூடாது? முன்னாடியே ஆரம்பிச்சதைத் தொடரலாமில்ல? அஞ்சு நிமிஷம் முன்னாடியே தொடங்க வெச்சுடறேன்."

"அப்ப சரி. நாளைக்கு வெள்ளிக்கெழமை, பன்னண்டுக்கு மேல கீழ்க்கட்டளை ஆபீசுக்கு வா. பேசிக்கலாம்."

பேக்கப் தொடங்குவதற்குக் கிழமைக்கு ஒரு நேரமாக ஏழு வரி எழுதினேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அட்டவணை அது. எழுதி முடித்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

பன்னிரண்டுக்கு மேல் வரச் சொல்லியிருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை; பதினொன்றுக்கே போய் நின்றுவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உக்காரும்மா" என்றார், அவ்வளவுதான். மேசையில் ஒப்பந்தத் தாள் இருந்தது. எந்தக் கம்பெனியோடது என்று தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தார். டீ வந்தது. "மழை வருமா?" என்றேன். "ம்" என்றார். போச்சு, முடிவு பண்ணிவிட்டார், முகத்துக்கு நேராகச் சொல்ல மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய பெரிய டி.வி.யில் அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு புதுப் படம் வரும்படி வைத்தேன். கோடு பள்ளத்தில் கிடந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டு தாண்டியது. புதுப் படம் வந்தது. கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. என் போனில் தளத்தைத் திறந்தேன். பட்டென்று திறந்தது! அடுத்த படத்தில் இன்னும் ஏறியது. எங்கும் திணறவில்லை. மேனேஜர்களிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

"ஓடுது அண்ணா! ஓடுது!" நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அவர் நிதானமாகத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். மேலே என் பெயர் இருந்தது.

"அந்தக் கம்பெனிக்காரங்களை நேத்தே வேணாம்னுட்டேன்மா. நல்ல சேதி, நேர்ல சொல்லலாம்னு இருந்தேன். நீ வந்து நின்னதே ராகு காலம்! அதான் வாயை மூடிக்கினு கம்முனு இருந்தேன்."

"ஏண்ணா, ஒரு மணி நேரமா என் வயித்துல புளியக் கரைச்சீங்களே!"

"புளிய வுடு. இப்ப நேரம் நல்லா கீது, கையெழுத்தைப் போடு" என்று பேனாவை நீட்டினார்.