வாத்தியார் வீட்டு அரிசிப்பானை

முதல் மகாயுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, பாளையங்கோட்டையில் நடந்தது இது. எனக்கு அப்போது பதினைந்து வயது. கொழும்பில் கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, அங்கே படிக்க வந்திருந்தேன். அப்பாவுக்கு அது சொந்தச் சீமை. எனக்கோ முன்பின் பார்த்திராத அயல்நாடு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். கடையும் வீடும் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டில் சமையலுக்கு ஓர் ஆள் உண்டு. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காமல் வளர்ந்தவன் நான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் நான் செய்த மடத்தனம் உங்களுக்குப் புரியாது, அவ்வளவுதான்.

விடுதியில் இடம் இல்லாததால், எங்களைப் போலவே வேதக்காரரான, அதாவது கிறிஸ்தவரான, ஒரு வாத்தியார் வீட்டில் என்னைத் தங்க வைத்தார்கள். அவர், அவருடைய மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். அந்த அம்மாளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. அதில் விளைந்த அரிசி என் சாப்பாட்டுக்காக அந்த வீட்டுக்கு வண்டியில் வந்து இறங்கும். "என் அரிசி" என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

காலையில் நான் படிக்க உட்காரும் இடத்திலிருந்து அடுப்படி நன்றாகத் தெரியும். அக்கா உலைக்கு அரிசியை எடுத்து முறத்தில் கொட்டுவார். கழுவுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். ஒரு கணம் கண்ணை மூடுவார், உதடு மட்டும் அசையும். பிறகு அம்மிக்குப் பின்னால் மூலையில் இருந்த சின்னப் பானையின் மூடியைத் திறந்து, அந்தப் பிடியைப் போட்டு மூடிவிடுவார். சாயங்காலமும் இதே கதை. ஒரு வேளைகூடத் தவறாது.

என் மூளை உடனே வேலை செய்தது. என் அரிசியில் தினமும் இரண்டு பிடி போகிறது, அதை ஒளித்து வைத்து விற்கிறார் என்று முடிவு கட்டினேன். உதடு அசைவது எத்தனை பிடி சேர்ந்தது என்று எண்ணுவதற்காக என்றுகூடக் கண்டுபிடித்தேன். இத்தனைக்கும் நான் ஒரு நாளும் அங்கே அரைவயிறாக எழுந்தது கிடையாது. போதும் போதும் என்று நான் கையை மறித்தாலும் இன்னொரு அகப்பை விழும். அதையும் தின்றுகொண்டேதான் சந்தேகப்பட்டேன்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். பானை, பிடி என்றெல்லாம் விவரிக்கவில்லை. இந்த வீட்டில் என் அரிசியைத் திருடுகிறார்கள் என்று மொட்டையாக எழுதினேன். போதாததற்கு வகுப்பில் பக்கத்தில் உட்காருபவனிடமும் சொன்னேன். அவன் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அப்புறம் அது தெருத்தெருவாகப் போக எவ்வளவு நேரமாகும்?

அப்பா தலைமையாசிரியருக்கு எழுதினார். அவர் யாரையும் விசாரிக்கவில்லை. எதற்கு வம்பு என்று நினைத்திருப்பார். இரண்டே நாளில் தபால் கச்சேரி குமாஸ்தா ஒருவர் வீட்டுக்கு என்னை மாற்றினார். நான் பெட்டியைத் தூக்கியபோது அக்கா கதவோரம் வந்து நின்றார்.

"சோறு பத்தலையா தம்பி?" என்று கேட்டார்.

எவ்வளவு நடிப்பு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கினேன்.

குமாஸ்தா வீட்டில் இரண்டாம் நாள் காலை. அந்த வீட்டு அம்மா முறத்தில் அரிசியைக் கொட்டினார். ஒரு பிடி அள்ளினார், கண்ணை மூடினார், உதடு அசைந்தது. அந்தப் பிடி ஒரு பானைக்குள் போனது. அது என்ன என்று கேட்டேன். மூன்று மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிடியரிசியாம். உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடியை ஜெபம் பண்ணிக் கோவிலுக்கென்று எடுத்து வைப்பார்களாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பெண்கள் கூட்டத்தில் எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், எங்கே பார்த்திருக்கப் போகிறேன்? வாத்தியார் வீட்டு அக்காவும் கொண்டுவருவாரா என்று கேட்டேன். என் மேல் பரிவாகத்தான் அந்த அம்மா பதில் சொன்னார்.

"கொண்டாந்துட்டுத்தான் இருந்தா. போன மாசம் கூட்டத்துக்கே வரல. ஒன் அரிசில கைவச்சவ எந்த மொகத்தோட வருவா?"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா அள்ளியது என் அரிசியிலிருந்து மட்டுமா? எல்லாருக்கும் சேர்த்துக் கொட்டிய அரிசியிலிருந்து, தன் பிள்ளைகள் தின்னும் அரிசியிலிருந்துமல்லவா எடுத்தார். கடவுளுக்கென்று எடுத்த கையை நான் திருட்டுக் கை ஆக்கியிருந்தேன்.

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நடந்ததை எல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் துவைப்பதை நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும் துணியைப் பிழிந்து கல்மேல் வைத்தார்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா தம்பி? தெரிஞ்ச எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதே? தெரியாதவுககிட்ட போய்ச் சொல்லு."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அடுத்த துணியை எடுத்துத் தண்ணீரில் அலசினார்.

தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஆறிப்போனதைக் கிளறாதே, படிப்பைப் பார் என்றார். அந்த வார்த்தையை நான் எவ்வளவு ஆசையாகப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா? ஆனாலும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வகுப்புக்குப் போகாமல் கோவில் வாசலில் போய் நின்றேன். பெண்கள் பானைகளோடும் ஓலைப்பெட்டிகளோடும் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்கா வரவில்லை. உள்ளே போய் நாலு வார்த்தை சொன்னால் போதும். குமாஸ்தா வீட்டு அம்மா என்னைப் பார்த்து, இங்கே என்ன வேலை என்று கேட்டார். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அந்த அம்மாவிடம்கூட அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் கப்பலேறிவிட்டேன்.

அக்கா மறுபடி அந்தக் கூட்டத்துக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாம். போடவில்லை. எனக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்தாகிவிட்டது, என் வீட்டிலும் பிடியரிசி எடுக்கிறார்கள். அதைப் பார்க்க மாட்டாமல் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்று அவர் யார் என்றே அறியாத உங்களிடம் இவ்வளவு தாராளமாகச் சொல்ல வருகிறது. அவரை அறிந்தவர்கள் முன்னால், அந்தக் கோவில் வாசலில், இதில் ஒரு வரி என் வாயிலிருந்து வரவில்லை.