பத்து நிமிட விடைபெறும் விழா

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொன்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள். நான் ஆபீசுக்குக் கிளம்பியதும் எங்கள் நாய் ஊளையிட்டு அழுததை, மூன்று வாரம் எனக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் எல்லோரிடமும் சலித்துக்கொள்வதுபோல, "நான் இல்லன்னா அதால இருக்கவே முடியலைங்க" என்பேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் வெளியே போகிறேன் என்று வீட்டில் ஒருவரும் அழுததில்லை. வந்த கௌரவத்தை விட மனசு வருமா?

நாய் எங்களிடம் வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்கோடிக் குடும்பம் மொத்தமாக பிரான்சுக்குக் குடிபோனது. கிரைண்டர்கூடப் போனது. நாலு வயசு நாய் மட்டும் போகவில்லை. நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

மனைவிக்கு கோரிமேட்டில் ஆஸ்பத்திரி வேலை, நர்ஸ். காலை ஏழு மணிக்கு ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். நாய் தலையைக்கூடத் தூக்காது, நான் இருக்கிறேனே. ஒன்பதரைக்கு என் முறை. அதன் எதிரே மண்டியிட்டு, முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "அப்பா போயிட்டு வரேன், சாயந்தரம் வந்துடுவேன், அழக்கூடாது, சரியா?" என்று பத்து நிமிடம் விடைபெறுவேன். நாலாவது நிமிடத்தில் எனக்கே கண் கலங்கும்.

விழாவை நிறுத்தியவர் கீழ்வீட்டு அம்மா. வீடு அவருடையது. பிரசவத்துக்கு வந்த மகளும் இரண்டு மாசக் குழந்தையும் அவரோடு இருந்தார்கள். குளிப்பாட்டித் தூங்கப்போட்டால் குழந்தை கண்ணை மூடுகிற நேரமும், மேலே நாய் வாயைத் திறக்கிற நேரமும் ஒன்று. அவர் கோபப்படவே இல்லை. அடுத்த மாதக் கடைசி வரை பார்ப்பதாகவும், அதற்குள் அடங்காவிட்டால் நாயை வேறு எங்காவது விடவேண்டும் அல்லது நாங்கள் வேறு வீடு பார்க்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இந்த ஊரில் நாயோடு வீடு கேட்டுப் பாருங்கள், நீங்களே ஊளையிடுவீர்கள். விடுவது என்றாலோ, அந்த நாய்க்கு ஒரே வருஷத்தில் இரண்டாவது தடவை.

மனைவி பழைய செல்போனை பிரிட்ஜ் மேல் வைத்து, நான் போன பிறகு நடப்பதைப் படம் பிடித்தாள். பாசக் காவியம் பார்க்கும் ஆசையோடு உட்கார்ந்தேன். கதவு சாத்தியதும் நாய் மூக்கைக் கதவிடுக்கில் வைத்துக்கொண்டு நின்று ஊளையிட்டது. உடம்பு நடுங்கியது. எச்சில் ஒழுகித் தரையில் குட்டையாகத் தேங்கியது. ஆப்பத்தின் கருகல் ஓரத்தைக்கூட விடாத பிராணி, நான் வைத்துவிட்டுப் போன கோழித்துண்டை முகர்ந்தும் பார்க்கவில்லை. அப்படியே நாற்பது நிமிடம்.

மனைவி படத்தை நிறுத்தினாள். "இது பாசம் இல்ல. பயம்."

கால்நடை மருத்துவரிடம் போனோம். எப்படிக் கிளம்புவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். பத்துப் பேர், ஓர் ஆடு முன்னிலையில் மண்டியிட்டுச் செய்து காட்டினேன். ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்பு வளர்த்தவர்கள் எப்படிப் போனார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியும், நான்தான் பெட்டி தூக்கிக் கொடுத்தேன். ஒவ்வொருவராக அதைக் கட்டிப்பிடித்து, "போயிட்டு வரோம்டா" என்று அழுதுவிட்டு வண்டி ஏறினார்கள். வரவில்லை.

"அப்போ நீங்க தினமும் காலையில அதையே நடிச்சுக் காட்டறீங்க," என்றார் மருத்துவர்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தண்டனை, நாய்க்கு வைத்தியம். சாவியையும் ஹெல்மெட்டையும் எடுக்க வேண்டும், ஆனால் போகக்கூடாது. போனால் அது பயப்பட ஆரம்பிக்கும் முன்னே திரும்பிவிட வேண்டும். முதலில் சில நொடி, பிறகு சில நிமிடம், மெதுவாக. கிளம்பும்போது பேச்சு கூடாது, வந்ததும் கொஞ்சல் கூடாது. பழகும் வரை தனியாக விடவே கூடாது.

பதினைந்து நாள் லீவு போட்டேன். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தெருவரை போய், முப்பது எண்ணிவிட்டுத் திரும்பினேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. எதிரே இஸ்திரி போடுபவர் முதல் நாள், எதையாவது மறந்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். மூன்றாம் நாள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அருகில் வந்து, "சார், வீட்டுல சண்டைன்னா நாமளே முதல்ல மன்னிப்பு கேட்டுடணும். வெளிய வந்து வந்து நிக்கக்கூடாது," என்றார்.

சொல்லாமல் கிளம்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. போயிட்டு வரேன் என்று சொல்லாமல் வாசலைத் தாண்டினால் போன காரியம் விளங்காது என்று வளர்ந்தவன். நாக்கு அரித்தது. ஸ்கூட்டரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் இருபது நிமிடம் வந்தது. கொட்டாங்குச்சியில் தயிர்சோற்றைக் கருவாட்டோடு அடைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டு படுத்துவிடும். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கடற்கரைக்கு ஒரு காபி குடிக்கப் போனேன். பழைய நண்பன் ஒருவன் மாட்டினான். நாய்களின் மனசைப் புரிந்துகொள்வது எப்படி என்று அவனுக்கு ஒன்றரை மணி நேரம் விளக்கினேன்.

மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. எங்கள் கதவுக்கு வெளியே கீழ்வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். தோளில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதன் முதுகைத் தட்டியபடி, சாத்திய கதவைப் பார்த்து, "வந்துடுவாரு, வந்துடுவாரு" என்று நாய்க்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். உட்புறம் பெயின்ட் முழுக்கக் கீறல். முன்காலில் ஒரு நகம் பிளந்து, கீறல் நெடுக ரத்தம். அவர் நாயின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுபடியும் முப்பது நொடியிலிருந்து ஆரம்பித்தேன். லீவு தீர்ந்ததும், பகலில் வீட்டில் ஆள் இருக்கட்டும் என்று மனைவி நைட் ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். பாதித் தூக்கத்தில் அவள் எழுந்து என்னைப் பார்த்த பார்வைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவள் வீட்டில் இல்லாத காலையும் மாலையும் நான் பழையபடி போவதும் வருவதுமாக இருந்தேன். நிமிடக் கணக்கு மெல்ல மணிக்கணக்கானது.

மாதக் கடைசி நாள் அவள் பழையபடி காலை வேலைக்குப் போனாள். திரும்ப மதியம் இரண்டரை ஆகும். நான் கொட்டாங்குச்சியை வைத்தேன், ஹெல்மெட்டை எடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. நாய் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி நக்க ஆரம்பித்தது. படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். நக்கும் சத்தம்தான். சந்தோஷப்பட வேண்டிய ஆள் எதற்கு அங்கே ஐந்து நிமிடம் நின்றேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

சாயந்தரம் திரும்பியபோது கீழ்வீட்டு அம்மா கொடியிலிருந்து குழந்தைத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை பன்னிரண்டு மணி வரை அசையாமல் தூங்கியதாகவும், நாங்கள் வீடு தேடவேண்டாம் என்றும் சொன்னார். கும்பிட்டுவிட்டு மேலே போயிருக்கலாம். போகவில்லை. அது ஒரு தடவைகூட என்னைத் தேடவில்லையா என்று கேட்டேன்.

"உங்கள யாரும் தேடல தம்பி."