அத்தை வீட்டு வாசலில் எடுத்த படம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் பேரூராட்சிக்கு மத்திய அரசின் வீடு கட்டும் மானியம் வந்தது. சொந்த மனையில் குடிசை போட்டு இருப்பவர்கள் எழுதிப் போடலாம். இந்தியாவில் எந்த மூலையிலும் தளம் போட்ட வீடு இருக்கக் கூடாது என்று நோட்டீஸில் இருந்தது. எங்களுக்கு இந்தியாவின் ஒரு மூலையில், அதாவது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மூன்று அறையும் மொட்டைமாடியுமாக ஒரு வீடு இருந்தது. அப்பாவுக்குக் கடைவீதியில் சிமெண்டு, கம்பிக் கடை. இருந்தும் அப்பா எழுதிப் போட்டார்.

அம்மா தயங்கினாள். அப்பாவுக்குத் தயக்கமே இல்லை. "வீடு எங்க அப்பா பேர்லதான இருக்கு. என் பேர்ல என்ன இருக்கு? ஊரே போடுது, நாம மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை. அதன் ஓரத்தில் அத்தையின் கீற்றுக் குடிசை. அத்தை, அப்பாவின் சித்தப்பா மகள். மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அத்தை கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்க வேனில் போய்வருவாள். முந்திரி எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அவளுக்கு என்னைவிட ஒரு வயது சின்னவளாக ஒரு மகள். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

அந்த மானியத்துக்கு அத்தையும் எழுதிப் போடத்தான் நினைத்தாள். அப்பாதான் தடுத்தார். "பட்டா நம்ம ரெண்டு வீட்டுக்கும் கூட்டாக் கெடக்கு. அதப் பிரிக்காம ஒனக்குத் தர மாட்டாங்க. அடுத்த லிஸ்ட்ல நானே எழுதிப் போட்டு வாங்கித் தாரேன். இந்தத் தடவ ஒன் வீட்ட மட்டும் ஒரு நாள் காட்டிக்கிறேன்" என்றார். அதே கூட்டுப் பட்டாவில் தனக்கு எப்படிக் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை. "காட்டிக்கங்கண்ணே, இதுல என்ன இருக்கு" என்றாள்.

பார்வையிட வந்தது ஒரு சனிக்கிழமை. அத்தை விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். தன் பழைய நூல் சேலை ஒன்றை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைக் கட்டிக்கொண்டு, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, தாலிக்கொடியை ரவிக்கைக்குள் தள்ளினாள். எனக்கு அத்தை மகளின் பாவாடை. அது கணுக்காலுக்கு மேலே நின்றது.

கிளம்பும்போது அத்தை என் தலையைத் தடவி, "சார் கேட்டா பயப்படாம எங்க வீடுதான்னு சொல்லு. நீயும் எங்க வீட்டுப் பிள்ளதான, இதுல பொய்யி ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் துணி துவைக்கப் போய்விட்டாள்.

வந்தவர் சின்ன வயசுக்காரர். பைக்கை நிறுத்திவிட்டு, குனிந்து குடிசைக்குள் பார்த்தார். அப்பா அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றார். கடையில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"பாப்பா, மழை பேஞ்சா எங்க படுப்ப?" என்று வந்தவர் என்னைக் கேட்டார்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தை மகள் பள்ளிக்கூடத்தில் என்னிடம் மட்டும் சொன்னது அது. "அந்த மூலைல சார். அங்க மட்டுந்தான் ஒழுகாது. எங்கம்மா உக்காந்தே தூங்கும்" என்றேன்.

அவர் மறுபடி குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். "கவலப்படாத பாப்பா" என்று சொல்லி, என்னையும் அம்மாவையும் அப்பாவையும் வாசலில் நிறுத்தி, இடமும் பதிவாகிற மாதிரி செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அவர் போனதும் அப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். ராத்திரி எனக்குப் புரோட்டா வாங்கி வந்தார். நான் பெருமையாகத் தின்றேன்.

மானியம் வந்தது. காலி மனையில் வீடு எழும்பியது. அஸ்திவாரத்துக்கு ஒரு படம், கூரைக்கு ஒரு படம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வந்து எடுத்துப் போனார்கள். தளம் போட்ட அன்று அத்தை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து எல்லாருக்கும் சமைத்தாள். வீட்டை அப்பா ஒரு வாத்தியார் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த லிஸ்ட் வந்தது. பட்டாவைப் பிரித்து, அப்பாவே அத்தைக்கு எழுதிப் போட்டார். அந்த அளவுக்கு அவர் சொன்ன சொல் தவறவில்லை. இந்தத் தடவை பார்வையிட வந்தது ஒரு மேடம். அப்பா கடையில் இருந்தார். நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

மேடம் செல்போனை அங்கிட்டும் இங்கிட்டும் நகர்த்திப் பார்த்தார். "இந்த எடத்துக்கு ஏற்கெனவே வீடு குடுத்து, கட்டியும் முடிச்சாச்சுன்னு காட்டுதே. இந்தா, படமும் இருக்கு" என்று திருப்பிக் காட்டினார். அத்தையின் குடிசை, அத்தையின் கோலம். நடுவில் நாங்கள் மூன்று பேர்.

மேடம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீதான இது?"

"தெரியல மேடம்" என்றேன். அது என் முகம்தான். தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒங்க வீட்டக் காட்டி வேற யாரோ வாங்கிருக்காங்களா? சொல்லுங்கம்மா. விசாரிச்சு அவுங்க மேல கேஸ் போடலாம். அதுக்கப்புறம் ஒங்களுக்கு வரும்" என்றார் மேடம் அத்தையிடம்.

அத்தை மகள், "ஆத்தா, அது…" என்று ஆரம்பித்தாள். அத்தை அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"யாரும் இல்ல மேடம்" என்றாள். "எல்லாம் ஒரே குடும்பந்தான். அந்த வீடு எங்களுக்குத்தான் வந்துச்சு. ரெண்டாவது கெடைக்கும்னு தெரியாத்தனமா எழுதிப் போட்டுட்டேன்."

மேடம் கொஞ்சம் கோபமாக எதையோ குறித்துக்கொண்டு, ஒரு தாளில் அத்தையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அத்தையின் பெயர் எந்த லிஸ்டிலும் வரவில்லை. கீற்றை எடுத்துவிட்டுத் தகரம் போட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள், வெயில் நாளில் வெளியே வேப்பமரத்தடியில். அத்தை மகள் அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் கல்யாணத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நான் நின்றபோது, கையை நீட்டாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனாள். நான் இப்போது புதுக்கோட்டையில் ஒரு கணினி மையத்தில் மக்களின் விண்ணப்பங்களைப் பதிவு செய்து கொடுக்கிறேன். வீட்டுக்கு எழுதிப் போட வருகிறவர்கள், "கெடைக்குமாம்மா?" என்று கேட்டால், அவர்களை நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இப்படியெல்லாம் இல்லை. மேடம் போனதும் வீட்டுக்கு ஓடினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, "நல்லவேளம்மா, அத்தைக்கு ஒண்ணுமே வெளங்கல. நமக்குக் கெடச்ச வீட்டத் தனக்குக் கெடச்சதா நெனச்சுக்கிட்டுப் பேசிருச்சு" என்றேன்.

அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். அவளுக்கும் நிம்மதியாகிவிட்டது என்று நினைத்தேன். இவ்வளவு சின்ன விஷயம்கூடப் புரியாமல் இருக்கிறாளே என்று, அன்று பொழுது சாயும்வரை அத்தையை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.