சும்மா நடக்கிறவள்

ஜீவராணிக்கு நடப்பது புதிதில்லை. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறினால், கூடை நிறைந்ததும் இறங்கி நிறுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவாள். அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. வேலை என்றுதான் சொன்னார்கள்.

கணவன் சின்னராசா ஆட்டோ வாங்கியதும் இருவரும் ஹட்டன் டவுனுக்கு வந்தார்கள். ஒரு துணிக்கடையின் மாடியில் அவளுக்குத் தையல் வேலை கிடைத்தது. மோட்டார் வைத்த மெஷின், கால் நுனியால் அழுத்தினால் போதும். காலையில் சின்னராசா கடை வாசலில் இறக்கிவிடுவான், மாலையில் ஏற்றிக்கொண்டு வருவான். முன்னேறிவிட்டாள் என்றார்கள் சொந்தக்காரர்கள். அது பொய்யுமில்லை. முதுகில் கூடை இல்லை, காலில் அட்டைக்கடி இல்லை. ஆனால் சில வருடங்களில் பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. கிளினிக்கில் சீனி வருத்தம், நீரிழிவு என்றார்கள். குளிசை கொடுத்த நர்ஸ், தினமும் நடக்காவிட்டால் அடுத்ததாகக் காலைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னாள்.

எங்கே நடப்பது என்று நர்ஸ் சொல்லவில்லை. நடைபாதையில் கடைக்காரர்களின் உருளைக்கிழங்கு மூட்டைகள் கிடந்தன. மூட்டை இல்லாத இடத்தில் சாக்கடைக் கான் மூடி உடைந்திருந்தது. ரோட்டில் இறங்கினால் பஸ் உரசிக்கொண்டு போனது. மைதானம் மாலையில் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு. டவுனுக்கு வெளியே தேயிலைக்குள் போகும் பாதையில் காவல்காரன் மறித்து, என்ன அலுவல் என்று கேட்டான். போய்ச் சேர ஓர் இடம் உள்ளவர்களுக்காகத்தான் அந்த டவுன் கட்டப்பட்டிருந்தது. போகிற உடம்பைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் ஒரு மாலை தையல் முடிந்து வீடு வந்ததும் ஜீவராணி வெறுங்கையோடு வீட்டிலிருந்து இறங்கி நடந்தாள். பக்கத்து வீட்டுப் பெற்றீசியா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆனது என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பெண் தலையிலோ கையிலோ ஒன்றுமில்லாமல் வேகமாக நடந்தால் அது சாவுச் சேதியாக இருக்கும், இல்லையென்றால் சண்டைக்குப் போகிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் ஜீவராணி ஒரு வெற்றுப் பையை எடுத்துக்கொண்டாள். கேள்வி நின்றது. ஆனால் பையைக் கண்டவர்கள் எல்லாம் சாமான் சொல்லிவிட்டார்கள். ஒருத்திக்கு வெற்றிலை, இன்னொருத்திக்குக் கருவாடு, பெற்றீசியாவுக்கு மெழுகுவர்த்தி. நடை கடைக்குக் கடை நின்றது. கொண்டுபோய்க் கொடுத்த வீட்டிலெல்லாம் நன்றிக்கு பால் விடாத பிளேன்டீயும் நக்கிக்கொள்ள உள்ளங்கையில் சீனியும் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்களே என்று வாங்கிக் குடித்தாள். அடுத்த கிளினிக் நாளில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. தினமும் நடப்பதாக அவள் சத்தியம் செய்தாள். நர்ஸ் நம்பவில்லை. நம்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று மாலை ஜீவராணி பையை ஆணியில் மாட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கினாள். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா நடக்கிறேன் என்றாள். அந்தச் 'சும்மா'வை டவுன் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் சின்னராசாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரையே ஏற்றுகிறவன் பெண்டாட்டியை ரோட்டில் விட்டுவிட்டான், வீட்டில் என்ன தகராறு என்றார்கள். அவன் சாப்பாட்டு நேரத்தில் அதையெல்லாம் சொல்லி, இனிமேல் நடக்கப் போகக் கூடாது என்றான். அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் அவள் மெயின் ரோட்டில் ஏறும்போது ஆட்டோ பக்கத்திலேயே ஊர்ந்து வந்தது.

"ஏறு ராணி. ஊரே பார்க்குது."

"பார்க்கட்டுங்க. கூடையச் சொமந்துக்கிட்டு மலை ஏறினப்ப ஒங்களுக்கு வெக்கமா இல்லியே."

"அது வேலை."

"இது என் காலுங்க."

பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. அதன் பின்னால் ஒரு லொறி. கண்டக்டர் ஃபுட்போர்டில் தொங்கியபடி சிங்களத்தில் ஏதோ திட்டினான். முதல் கியரில் மனைவியின் நடைக்கு ஈடாக வண்டியை உருட்டுவது சின்னராசாவுக்குப் பழக்கமில்லை, எஞ்சின் இரண்டு தரம் அணைந்தது. இறங்கிக் கூட நடங்க, இல்லாட்டி முன்னால போங்க என்று அவள் திரும்பாமலே சொன்னாள். அவன் முன்னால் போனான்.

ஸ்டாண்டைத் தாண்டும்போது சுதாகரன் என்ற டிரைவர், அவன்தான் கேலியில் முதல் ஆள், சீட்டில் சாய்ந்தபடி கூப்பிட்டான்.

"எங்கக்கா போறீங்க? அண்ணன் இங்கதான நிக்கிறாரு."

"எங்கயும் போகல தம்பி. நடக்கிறேன். நாளைக்கும் இப்படித்தான் வருவேன். நாளைக்கும் கேப்பீங்களா?"

யாரோ சிரித்தார்கள். அது சுதாகரனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. சின்னராசா ஆட்டோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜீவராணி வளைவு வரை போய்த் திரும்பினாள். மூச்சு வாங்கியது. மரத்த பாதத்தில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. இந்த நடையால் சீனி இறங்குமா என்று அவளுக்குத் தெரியாது. கால் பிழைக்குமா என்றும் தெரியாது. மறுபடி ஸ்டாண்டைத் தாண்டியபோது ஒருவரும் கேட்கவில்லை. சின்னராசா மட்டும் எட்டி வந்து, இருட்டப்போகிறது, வீட்டுக்காவது ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று தணிந்த குரலில் சொன்னான்.

"நீங்கதான மொதல்ல வீட்டுக்குப் போறீங்க, அரிசியக் கழுவிப் போடுங்க" என்றாள். "நான் நடந்துதான் வருவேன்."